ஏப்ரலில் கடன்காரன் ஊரில் இல்லை

"எங்கே அந்தப் பாய்ச்சல்?" என்றார்
டென்மார்க்கிலிருந்து வந்தவர்,
தலைக்கவசத்தின் வாரை இறுக்கியபடி.
படத்தில் பார்த்தாராம்,
நுரைக்குள் படகு செங்குத்தாய் நிற்க
எட்டுப் பேர் எட்டுத் திக்கில் பறந்ததை.

காலுக்குக் கீழே, என்றேன்.
நாலு ஆள் ஆழத்தில்.
அவன் தலைமேல்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

குனிந்து பார்த்தார்.
பால் கம்மியான தேநீர் நிறத்தில் ஜாம்பேசி
இஸ்திரி போட்டதுபோல் வழுக்கிப் போனது.
கொடுத்த காசுக்கு இது போதாது என்று
முகத்தில் எழுதியிருந்தது.

கடன்காரன் என்பது நாங்கள் வைத்த பேர்.
செருப்பு, கண்ணாடி, ஒரு பல்செட்டு,
தேனிலவுக்கு வந்தவளின் மோதிரம்.
வாங்கியதை லேசில் தரமாட்டான்.

அவனை அக்டோபரில் பார்க்கவேண்டும்.
ஏணியின் கடைசிப் படியிலிருந்து குதித்தால்
மணலில் விழலாம்.
வற்றிய ஆறு பல்லைக் காட்டும்:
கறுத்த பாறைகள், நடுவில் ஒன்று
சொத்தை விழுந்து குழிந்தது.
அதற்கு இடப்பக்கம்
படகின் அகலத்துக்கு ஒரு சந்து.
மூக்கை நுழைக்க
ஒரே ஒரு துடுப்பு நேரம்.
தவறினால் ரப்பர் கிழியும்,
கிழிந்ததைச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஜனவரியில் சொத்தைப்பல் மறைந்தது.
மறைந்ததைப் போனதென்று
நினைத்துவிட்டான் ஹம்வீம்பா.
மேலிருந்து பார்க்க வெறும் மேடு,
பசுவின் முதுகுபோல் வழவழவென்று.
முதுகுக்கு அந்தப் பக்கம்
தண்ணீர் குப்புற விழுந்து
எழுந்து திரும்பி வந்து
தன்மேலேயே விழுந்துகொண்டிருந்தது.
அதற்குள் அவன் கயாக்.
நான் எண்ணினேன்.
பதினொன்றில் சிவப்புத் தலைக்கவசம்.
பிறகு இல்லை.
இருபத்தாறில் ஒரு கை.

கயாக் வந்தது. அவன் வந்தான்.
துடுப்பு வரவில்லை.
இருமி முடித்ததும்
"மட்டம் எவ்வளவு?" என்றான்.
ஏணியில் ஏழு படி நனைந்திருக்கிறது, என்றேன்.
"நான் ஆறு என்று நினைத்தேன்."

அந்த மாதமே சோல்வேசிக்குப் போய்விட்டான்,
செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்ட.
அங்கே பள்ளத்தின் ஆழம்
ஆளைக் கேட்டுத்தான் கூடுமாம்.

எங்களுக்கு அப்படியில்லை.
எங்கோ அங்கோலாவில் பெய்த மழை
பரோட்சே சமவெளியின் புல்லுக்குள் புகுந்து
வாரக்கணக்கில் மாடுகளோடு மேய்ந்துவிட்டு,
எங்கள் வானம் துடைத்த தட்டாய்க் காய்ந்த பிறகு
இங்கே வந்து ஏறும்.
குடை மடக்கி வைத்த ஊரில் வெள்ளம்.
ஏணி முழுசும் போயிற்று,
ஏணி கட்டிய மரத்துக்குக் கழுத்தளவு.

டென்மார்க்காரர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டார்.
"குளம் மாதிரி இருக்கிறதே."
நான் பதில் சொல்லவில்லை.
வலப்பக்கச் சுவரில் ஆறு மோதித் திரும்பும் இடம்;
அங்கே தண்ணீர்
சத்தமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.
அக்டோபரில் அந்த இடத்தில்
உட்கார்ந்து மாம்பழம் தின்போம்.

திறந்தது.
நுரை இல்லை, அலை இல்லை,
நடு ஆற்றில் ஒரு கிணறு.
படகின் பின்பாதியைப் பிடித்து
மெதுவாக, அவசரமே இல்லாமல்
கீழே இழுத்தது.
இடுப்புவரை தண்ணீரில் எட்டுப் பேர்.
யாரும் கத்தவில்லை.
பிறகு, ஏதோ நினைவு வந்தாற்போல்
மூடிக்கொண்டது.

கரை ஏறும்வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை.
மறுநாள் ஆற்றை மூடினார்கள்.
மரம்பா சந்தையில் தக்காளி விற்றேன்
ஜூலை வரைக்கும்.

ஆகஸ்டில் பாறைகள் ஒவ்வொன்றாய்
முதுகை உலர்த்த வெளியே வந்தன.
சொத்தைப்பல்லின் குழியில்
எதுவோ மஞ்சளாய்.
பாதித் துடுப்பு.
பிடியில் எச்.எம். என்ற எழுத்து,
தகட்டில் ஒரு நத்தை குடியிருந்தது.

படமெடுத்து சோல்வேசிக்கு அனுப்பினேன்.
இரவு முழுக்கப் பதிலில்லை.
விடிந்து,
ரப்பருக்குக் காற்றடிக்கும்போது வந்தது:

மட்டம் எவ்வளவு?